இழிதொழிலா? இறுதித் தொண்டா?



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து, பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த வேளையில் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என் அருகே வந்து நின்றார். அவர் படித்தவர், பணிவும் உடையவர். எனினும் அன்று அவர் முகத்தில் வருத்தமும் சினமும் கலந்து தோன்றின.

“ஐயா, தங்கவயல் நண்பர் ஒருவருக்குத் தாங்கள் சவப்பெட்டி செய்து கொடுத்தீர்களாமே, உண்மையா?” என்று வினவினார்.

“உண்மைதான், தம்பி” என்றேன்.

“நம் பாட்டன்மார் ஊரார் பிணங்களுக்குப் பறையடித்தார்கள்; சாவுச் செய்தி சுமந்து ஊர் ஊராய் ஓடினார்கள்; குழி வெட்டினார்கள். அவ்விழிவை உதறித் தள்ளுவதற்காக அன்றோ நாம் திரிசரணம் புகுந்தோம்? தம்மம் உரைக்கும் தாங்களே மறுபடியும் பிணத்தொழிலில் கை வைக்கலாமா?”

அன்று நான் ஏதோ ஒரு விடை கூறினேன். அது அவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அன்று. நம்முள் பலர் நெஞ்சில் கிடப்பது. ஆதலின் நம் இதழின் வாயிலாக அனைவர் முன்னிலையிலும் விடை கூற முற்படுகிறேன்.

கேள்வி பிறந்த இடம்

முதற்கண் ஒன்று சொல்வேன். இக்கேள்வியைப் பழிப்பதற்கில்லை. ஆறாத புண்ணிலிருந்து பிறந்த கேள்வி இது. அப்புண் என் உடம்பிலும் உண்டு.

என் தந்தையார் வட ஆற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் வெட்டியான் பணி செய்தவர். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், உண்டுகொண்டிருந்த கையைக் கழுவிக்கொண்டு அவர் எழுந்து போக வேண்டும். பகல் என்றும் இரவு என்றும் இல்லை. மழை என்றும் காய்ச்சல் என்றும் இல்லை. கூலியாக அவருக்குக் கிடைத்தவை சிறிது நெல்லும், பிணத்தின்மேல் போர்த்திய துணியும், வாய்க்கரிசியோடு விழுந்த சில்லறையுமே. போக மறுத்தால் மறுநாள் எவர் நிலத்திலும் எங்களுக்கு வேலை இராது.

என் பாட்டி இறந்த அன்றே ஊர்ப் பெரியவர் ஒருவரும் இறந்தார். என் தந்தையார் முதலில் அவருக்குக் குழி வெட்டிவிட்டு வந்தார்; பொழுது சாய்ந்த பின்னரே தம்மைப் பெற்றவளுக்கு வெட்டினார். அப்போது நான் சிறுவன். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு குழிக்கரையில் நின்றேன். ‘நான் வளர்ந்த பின் எந்தப் பிணத்தையும் தொடமாட்டேன்’ என்று அன்று எனக்கு நானே உறுதி செய்துகொண்டேன். பதினேழாம் வயதில் பெங்களூர் வந்து ஆலை வேலையில் சேர்ந்ததற்கு வயிறு ஒரு காரணம் என்றால், அவ்வுறுதி மற்றொரு காரணம்.

ஆகவே, அவ்விளைஞர் கேட்டது என்னை நானே கேட்ட கேள்விதான்.

நண்பரின் வேண்டுகோள்

என் நண்பர் என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரை அண்ணன் என்றே அழைத்து வந்தேன். பண்டிதர் அயோத்திதாசர் 1898-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தழைத்த மண் தங்கவயல். அங்குத் தலைமுறை தலைமுறையாகத் திரிசரணம் ஓதி வரும் குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர் அவர். என் ஆலை மூடப்பட்டபின், தம்மம் பேசவென்று ஞாயிறுதோறும் மாரிக்குப்பம் ரயிலேறி வந்த எனக்குச் சோறிட்டவர். நான் பிழையாகப் பேசிய இடங்களைக் கூட்டம் கலைந்தபின் தனியே சுட்டிக்காட்டித் திருத்தியவரும் அவரே.

2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்படும்வரை அவர் நிலத்தின்கீழ் வேலை செய்தார். மேற்பாறை சரிந்து விழாதபடி மரக்கட்டைகளை நிறுத்தித் தாங்கல் கொடுக்கும் பிரிவு அவருடையது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது என்பதை வாசகர் அறிவர். அத்தகைய ஆழத்தில் ஒரு மனிதன் நிறுத்திய மரத்தை நம்பியே மற்றொரு மனிதன் அதன்கீழ் அமர்ந்து உண்ண வேண்டும்.

மூச்சு நோய் முற்றி, இனித் தேறுதல் அரிது என்று மருத்துவர் கூறிய பின்னர், ஒரு ஞாயிறு பிற்பகல் அவர் என்னை அருகில் அழைத்தார்.

“தம்பி, எனக்கு ஒரு பெட்டி செய்து தா.”

“அண்ணே, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.”

“காலம் இருக்கும்போதுதானே மரம் அறுக்க முடியும்?” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “சுரங்கத்தில் என் தோழர்கள் வைத்த மரத்தின்கீழ் இத்தனை ஆண்டு பயமில்லாமல் உட்கார்ந்தேன். முகம் தெரியாதவன் அடித்த பலகையில் படுக்க மனம் வரவில்லை. மரத்துக்குக் காசு என்னுடையது. கை உன்னுடையது. முடியாது என்றால் சொல்லிவிடு. நான் வருத்தப்பட மாட்டேன்.”

இவ்வுரையின் இறுதி வாக்கியத்தை வாசகர் நினைவில் இருத்தல் வேண்டும். அதன் பொருள் எனக்கே பின்னர்தான் விளங்கிற்று.

பெட்டி உருவான விதம்

நான் பிறவித் தச்சன் அல்லேன், தறி ஓட்டியவன். ஆலையில் தறிகளின் மரப்பகுதிகள் முறிந்தால் சீர்செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அதில் நான்காண்டுகள் உதவியாளாக இருந்தபோது, முதிய தச்சர் ஒருவர் எனக்கு உளியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்பித்தார். அச்சிறு அறிவுதான் என் முதல்.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் பலகைகளை வாங்கினோம். அது விலை குறைந்தது, இழைப்புளிக்கு இணங்குவது, மண்ணுக்குள் போவதற்கு அதுவே போதும். முக்கால் அங்குலப் பலகையாக ஏறக்குறைய 3 கன அடி மரம் பிடித்தது. மரம், திருகாணி, கயிறு எல்லாம் சேர்ந்தும் கடைப்பெட்டி விலையில் பாதிக்கும் குறைவாகவே செலவாயிற்று.

அளவெடுக்க அவரைப் பாயில் படுக்கச் செய்தேன். உயரம் 5 அடி 6 அங்குலம். “சுரங்கத்தில் குனிந்தே காலம் போயிற்று, தம்பி. இதிலாவது காலை நீட்டிப் படுக்கிறேன்; கொஞ்சம் தாராளமாக வை” என்றார். உள்நீளம் 6 அடி, அகலம் 22 அங்குலம், ஆழம் 14 அங்குலம் என்று முடிவு செய்தேன்.

பார்ப்பவர் கண்ணுக்கு மேல்மூடிதான் தெரியும். ஆனால் பெட்டியின் உறுதி அடிப்பலகையில் இருக்கிறது. பாரம் முழுதும் அங்கேதான் இறங்கும். ஆதலால் அடிப்பலகைகளுக்குக் கீழே குறுக்காக மூன்று சட்டங்கள் வைத்துத் திருகாணியால் முடுக்கினேன். கைப்பிடிக் கயிற்றைப் பக்கப் பலகையில் மட்டும் துளையிட்டுக் கட்டினால், தூக்கும்போது பலகை பிளந்துவிடலாம். எனவே ஒவ்வொரு கயிற்றையும் அடிச்சட்டத்தை ஒட்டிப் பெட்டியின் கீழாக வளைத்து, மறுபக்கத் துளை வழியே மேலே கொண்டு வந்து கட்டினேன். சுமப்பவர் கை பாரத்தை அடியிலிருந்தே ஏந்த வேண்டும் என்பது நோக்கம்.

நான்கு ஞாயிறுகள் வேலை நடந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். மூச்சு இடங்கொடுத்தபோது உப்புத்தாள் கொண்டு ஒரு பலகையைத் தேய்ப்பார். சுரங்கத்தில் பாறையைத் தட்டி, ஒலியைக் கொண்டு அதன் உறுதியை அறிவது வழக்கம். அதே பழக்கத்தில் என் பெட்டியையும் விரலால் தட்டிப் பார்ப்பார். “இந்த மூலை வெற்றொலி கொடுக்கிறது, தம்பி” என்றார் ஒரு நாள். பார்த்தால், அம்மூலையில் ஒரு திருகாணி போட மறந்திருந்தேன்.

தம் பெட்டியைத் தாமே சோதித்து வாங்கிய மனிதரை அன்று கண்டேன். அவர் கை நடுங்கிற்று. அது நோயின் நடுக்கம். அச்சத்தின் நடுக்கத்தை நான் காணவில்லை.

அபசகுனமா?

அண்ணியார் அஞ்சினார். “உயிரோடு இருப்பவர் வீட்டில் இதைக் கொண்டு வைக்கலாமா?” என்று அழுதார். அவர் அழுகையைக் கண்டு என் மனமும் தளர்ந்தது.

வாசகர்களே, மரணத்தை அழைத்து வருவது பெட்டியா? பெட்டி இல்லாத வீட்டுக்கு மரணம் வருவதில்லையா? மகனை இழந்து பித்துப் பிடித்தவளாய் வந்த கிசா கோதமியைப் பகவன் புத்தர் கடுகு கேட்டுவர அனுப்பியது எதற்காக? சாவு நிகழாத இல்லம் ஒன்றும் இல்லை என்பதை அவளே வீடு வீடாய்க் கண்டறிய வேண்டும் என்பதற்காக. மூப்பு, பிணி, சாக்காடு, அன்புக்குரியவற்றின் பிரிவு, தத்தம் வினைக்குத் தாமே உரியவராதல் ஆகிய ஐந்தையும் இல்லறத்தாரும் துறவறத்தாரும், ஆணும் பெண்ணும் அடிக்கடி நினைத்தல் வேண்டும் என்று அங்குத்தர நிகாயத்தில் பகவன் போதித்தார். இது மனத்தை வாடச் செய்யும் போதனை அன்று. இளமையின் செருக்கையும் உடல்நலத்தின் செருக்கையும் வாழ்வின் செருக்கையும் அறுக்கும் போதனை.

இவற்றை அண்ணியாரிடம் எடுத்துரைத்தேன். போதனையால் அவர் தேறினார் என்று கூறினால் பொய்யாகும். முதல் வாரம் அவர் அவ்வறைக்குள் காலே வைக்கவில்லை. பின்னர் நிகழ்ந்தது வேறு. மூடியிட்டுப் பாய் விரித்திருந்த பெட்டியின்மேல் பேரப்பிள்ளைகள் அமர்ந்து பள்ளிப் பாடம் எழுதத் தொடங்கினர். அவர்களுக்கு அது ஒரு பலகை. அவர்களை அழைக்கவென்று அண்ணியார் உள்ளே வந்தார். பிறகு தாமும் அதன்மேல் அமர்ந்து கீரை ஆய்ந்தார். நான் நாற்பது நிமிடம் பேசி விளக்க இயலாததைக் குழந்தைகள் விளக்கிவிட்டனர்.

எந்த மதத்தின் பெட்டி?

“பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது கிறித்தவர் வழக்கம் அன்றோ? பௌத்தருக்கு இது பொருந்துமா?” என்றார் அண்டை வீட்டார் ஒருவர்.

புதைப்பதா, எரிப்பதா, பாடையா, பெட்டியா என்று இல்லறத்தாருக்குப் பகவன் சட்டம் விதித்ததாக நான் எங்கும் படித்ததில்லை. அவருடைய திருமேனிக்கு நிகழ்ந்ததை மகா பரிநிப்பாண சூத்திரம் விரித்துரைக்கிறது. குசிநாரா நகரத்து மல்லர்கள் அத்திருமேனியைப் புதுத்துணியாலும் பஞ்சாலும் மாறி மாறிப் பொதிந்து, எண்ணெய் இட்ட இரும்புத் தொட்டியில் கிடத்தி, மற்றொரு இரும்புத் தொட்டியால் மூடி, நறுமணக் கட்டைகள் அடுக்கி எரியூட்டினர். பேழை எந்த மதத்துக்கும் தனிச் சொத்து அன்று என்பதற்கு இதுவே போதும்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. சூத்திரம் இரும்பு என்று கூறும் இடத்தில், பிற்காலத்து உரையாசிரியர் பொன் என்று பொருள் எழுதினார். பகவனுக்கு இரும்பு போதாது என்று அவர் அன்பு எண்ணியது போலும்! அன்பின் இயல்பு அதுவே. ஆயினும் நம் ஏழை இல்லங்களில் இவ்வெண்ணமே கடனாக வந்து முடிகிறது. பளபளக்கும் பெட்டி, பூப்பல்லக்கு, வாணவெடி என்று மூன்று நாள் பெருமைக்காக மூன்றாண்டு வட்டி கட்டும் குடும்பங்களை நான் அறிவேன். உண்மையான மரியாதைக்கு இரும்பே போதும். சில்வர் ஓக் பலகையே போதும்.

சுமந்தவர் யார்?

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். பிணத்தைச் சார்ந்த பணி இழிந்ததா?

அதே சூத்திரத்தைப் பார்ப்போம். தம் உடலுக்குச் செய்யும் மரியாதையில் பிக்குகள் மனத்தைச் செலுத்த வேண்டா, அவர்கள் தம் நெறியில் முயல்க, பற்றுடைய இல்லறத்தார் அதனைச் செய்வர் என்று பகவன் ஆனந்தருக்கு அறிவுறுத்தினார். அவ்வாறு செய்ய முன்வந்த இல்லறத்தார் யாவர்? வெட்டியானை அழைத்து வரச் சொன்னார்களா? இல்லை. மல்லர் தலைவர் எண்மர் தலை முழுகிப் புத்தாடை உடுத்துத் தாமே தூக்க வந்தனர். ஆட்சி புரிந்த குலத்தினர் தம் தோளில் சுமக்க விரும்பியதை இழிபணி என்று யாரால் கூற முடியும்?

தீய வாணிகங்கள் என்று பகவன் விலக்கியவை ஐந்து: படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. அவற்றுள் பெட்டி செய்தலும் இல்லை. குழி வெட்டுதலும் இல்லை. இழிவு பிறப்பால் வருவதன்று, செயலால் வருவது என்பதே வசல சூத்திரத்தின் கருத்து. அச்செயலையும் அளப்பது எதனால்? சேதனையால், அதாவது அதனைச் செய்யும் மனத்தின் நோக்கத்தால். பகவனுக்கு இறுதி உணவு அளித்தவன் சுந்தன் என்னும் கொல்லன் மகன். அவன் அளித்த உணவுக்குப் பின்பே பகவனின் நோய் முற்றிற்று. உலகம் அவனைப் பழிக்கும் என்றும், அவனே தன்னை நொந்துகொள்வான் என்றும் அறிந்த பகவன், அவன் மனத்துயரைப் போக்குமாறு ஆனந்தரிடம் கூறினார். உழைப்பாளி ஒருவனின் கை சாவின் அருகே பட்டதற்காக அவனைப் பழிக்கலாகாது என்பதைத் தம் கடைசி நேரத்திலும் கவனித்த ஆசான் அவர்.

ஆகையால், பணி இழிந்ததன்று. இழிந்தது எது என்றால், அதனை ஒரு பிறப்பின் தலையில் கட்டி, மறுக்கும் உரிமையைப் பறித்ததே. மகாராட்டிரத்து மகர் மக்கள்மீது ‘வதன்’ என்ற பெயரால் சுமத்தப்பட்டிருந்த ஊர்ப்பணிகளுள் சாவுச் செய்தி சுமப்பதும் ஒன்று. அம்முறையை மாற்ற அண்ணல் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் மசோதா கொணர்ந்தார். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வதன்களை ஒழித்தபோது அண்ணல் உயிரோடில்லை. கட்டாய உழைப்பை நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. இவை யாவும் மறுக்கும் உரிமைக்காக நிகழ்ந்த போராட்டங்கள். சாவுச் செய்தி சுமக்கும் கட்டாயத்தை எதிர்த்தவர் அண்ணல். அவரே மறைந்து, 1956 டிசம்பர் 7 அன்று பம்பாய் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டபோது, ஒருவரும் ஏவாமலே இலட்சக்கணக்கான மக்கள் கண்ணீரோடு திரண்டனர். கட்டாயத்துக்கும் அன்புக்கும் இடையிலுள்ள தொலைவை இதனினும் தெளிவாகக் காட்டுவது எது?

‘மாட்டேன்’ என்று சொல்ல இயலாதவன் ‘செய்கிறேன்’ என்று சொல்வதில் பொருள் இல்லை. என் நண்பர், “முடியாது என்றால் சொல்லிவிடு” என்றாரே, அதன் பொருள் இதுவே. ஊரார் ஒருவரும் என் தந்தையாரிடம் ஒருநாளும் சொல்லாத வாக்கியம் அது. அவ்வாக்கியத்தோடு வந்ததால்தான், அப்பணி எனக்கு ஏவலாக இல்லாமல் தானமாக அமைந்தது.

இத்தகைய பணி நம்மிடம் வரும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். ஏவுகிறாரா, வேண்டுகிறாரா? நான் மறுக்க இயலுமா? இதே பணியை எல்லாப் பிறப்பினரும் செய்வரா? நான் இறந்தால் அவர் எனக்குச் செய்வாரா? நான்குக்கும் விடை நேராக இருந்தால், அப்பணியைத் தலை நிமிர்ந்து செய்க. இல்லையேல், தலை நிமிர்ந்து மறுக்க.

குழியின் அடியில் கல்

இவ்வளவோடு முடித்தால் வாதம் முற்றுப்பெறும். ஆனால் உண்மை முற்றுப்பெறாது.

அடிப்பலகையின் உட்புறத்தை இழைத்துக்கொண்டிருந்தபோது, “அங்கே யார் பார்க்கப் போகிறார்கள், தம்பி? துணி விரித்து மூடிவிடுவார்களே” என்றார் அண்ணன். என் கை நின்றுவிட்டது. என் தந்தையார் நினைவு வந்தது. குழி வெட்டி முடித்தபின் அவர் உடனே மேலேறி வருவதில்லை. குழியின் அடியில் குத்துக்காலிட்டு அமர்ந்து, கையால் மண்ணைத் தடவித் தடவிக் கற்களைப் பொறுக்கி வெளியே எறிவார். பாட்டியின் குழியில் மட்டும் அன்று. தம்மை வாசலுக்கு வெளியே நிறுத்திய மனிதர்களின் குழியிலும் அவ்வாறே செய்தார். ஏன் என்று சிறுவனாகிய நான் ஒருமுறை கேட்டேன். “முதுகில் உறுத்தும்டா” என்றார்.

குழி வெட்டும்படி அவரை ஊர் ஏவியது. கல் பொறுக்கும்படி யாரும் ஏவவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. அதற்கு நெல்லும் இல்லை, துணியும் இல்லை. அச்செயல் அவருடைய சொந்தச் செயல். கட்டாயம் அவர் உடலை ஆண்டது. அவருடைய சேதனையை அதனால் ஆள முடியவில்லை. எழுத்தறியாத, தம்மம் கேட்டறியாத அம்மனிதரின் உள்ளத்தில் மைத்திரி இருந்தது என்பதை ஐம்பது வயது கடந்து, ஒரு பலகையின்மேல் குனிந்திருந்தபோதுதான் நான் அறிந்தேன். அவ்வளவு காலமும் அவர் தொழிலைக் குறித்து வெட்கப்பட்ட நான், அவரைக் குறித்தும் வெட்கப்பட்டிருந்தேன்.

தம்பி, நாம் உதற வேண்டியது அடிமைத்தனத்தை. அதனை உதறும் வேகத்தில் நம் பாட்டன்மாரின் கைகளையும் சேர்த்து உதறிவிட வேண்டா.

என் குறை

நண்பர் மறைந்த செய்தி பரவிய பின், மற்றொரு பகுதியிலிருந்து ஓர் ஆள் என்னைத் தேடி வந்தான். வசதியுள்ள ஒரு வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். “உனக்குப் பெட்டி வேலை தெரியுமாமே. வந்து செய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போ” என்று வீட்டார் சொல்லி அனுப்பியதாகக் கூறினான். என் தந்தையாரின் வாசலில் கேட்ட அதே குரல். ஆண்டுகள் கடந்தும் சற்றும் மாறவில்லை.

“பிள்ளைகளில் ஒருவரை வரச்சொல். அவர் ஒரு முனை பிடித்தால் நான் ஒரு முனை பிடிக்கிறேன். கூலி வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன். எவரும் வரவில்லை. கடையில் பெட்டி வாங்கிக்கொண்டார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

நான் மறுத்தது சரியே என்று இன்றும் எண்ணுகிறேன். ஆனால் மறுத்தபோது என் மனத்தில் இருந்தது என்ன? உரிமையுணர்ச்சி இருந்தது, அதனோடு கோபமும் இருந்தது. அந்த வீட்டில் ஒரு பிணம் காத்திருக்கிறது என்னும் நினைவில் எனக்கு ஒரு நொடி மகிழ்ச்சியும் உண்டாயிற்று. அதை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்கு மதிப்பில்லை. சேதனையை அளவுகோலாகப் பிறர்க்கு உரைப்பவன், அக்கோலைத் தன் நெஞ்சிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வைத்துப் பார்த்தேன், அளவு குறைந்தது. குழியின் அடியில் கல் பொறுக்கியவரின் மகன் நான் என்பதை அன்று மறந்திருந்தேன். மறுக்கும் உரிமையைக் காப்பதும் வேண்டும்; மறுக்கும்போது பகை கொள்ளாதிருக்கவும் வேண்டும். முதலாவதை அண்ணலிடம் கற்றேன். இரண்டாவதைப் பகவனிடம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இறுதி நாள்

பெட்டி முடிந்து நான்கு மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் அண்ணன் காலமானார். பேரப்பிள்ளைகளின் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு, பாயை நீக்கி, வெள்ளைத் துணி விரித்து அவரைக் கிடத்தினோம். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதினோம். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அளித்த உறுதிமொழிகளை மதித்து, பிண்டமும் திதியும் இல்லை. கயிற்றைப் பற்ற மகன்களும் மருமகனும் சுரங்கத் தோழர்களும் முன்வந்தனர். மகளும் வந்து ஒரு கயிற்றைப் பற்றினாள். தடுக்க முனைந்தவர்களை அண்ணியாரே கைகாட்டி அடக்கினார். தூக்கியபோது ஒரு பலகையும் முனகவில்லை. நானும் ஒரு கயிறு பிடித்திருந்தேன்.

பெட்டியை இறக்குமுன் குழிக்குள் இறங்கினேன். அடியில் சில கற்கள் இருந்தன. பொறுக்கி வெளியே போட்டேன். ஆண்டுகளுக்கு முன் நான் செய்துகொண்ட உறுதி அங்கே முறிந்தது என்று சொல்வாரும் உளர். அவ்வுறுதியின் உட்பொருள் அங்கேதான் நிறைவேறிற்று என்பது என் கருத்து.

பெட்டி மண்ணாகும், அதனுள் கிடப்பதும் மண்ணாகும். கூடியவை யாவும் பிரியும் என்பது ததாகதர் உரைத்த நெறி. ஆயினும், பிரியும் என்று அறிந்தே ஒரு மூலையை நேராக இணைப்பது வீண் வேலை அன்று. நிலையாமையை அறிந்தவனின் அன்பு அத்தகையது.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு சொல். என் வீட்டுத் திண்ணையில் இழைப்புளியும் உளியும் இருக்கின்றன. எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம். முதலில் ஒரு புத்தகப் பலகை செய்யக் கற்றுத் தருகிறேன். விருப்பமில்லையேல், மாட்டேன் என்று சொல்லிவிடு; நான் வருத்தப்பட மாட்டேன்.

நமோ புத்தாய!